ஊழிக்காலத்துக்கு எந்த வண்டி வாங்கலாம்?

கேள்வி: போர், பேரிடர் என்று எது வந்தாலும் குடும்பத்தோடு கிளம்பிவிட ஒரு வண்டி வாங்க நினைக்கிறேன். நாங்கள் நான்கு பேர். ஆறு சக்கரக் கவச வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஆனால் அணுகுண்டு வெடித்தால் கம்ப்யூட்டர் உள்ள வண்டிகள் நின்றுவிடும், பழைய கார்புரேட்டர் வண்டிதான் ஓடும் என்கிறார்கள். நிஜமா?

பதில்: கவச வண்டியை முதலில் மறந்துவிடுங்கள். சின்னப் பாலம் அதன் எடையைத் தாங்காது. டயர் போனால் ஜாக்கி வைத்துத் தூக்குவதே பெரும்பாடு. கண்ணில் படாமல் நழுவ வேண்டிய நேரத்தில் ஊரே திரும்பிப் பார்க்கும். அப்புறம் அது குடிக்கிற டீசல். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் வண்டிக்கு 60 லிட்டர் டேங்க் இருந்தால் 900 கி.மீ. போகலாம். லிட்டருக்கு 4 கி.மீ. தருவதற்கு அதே தூரத்துக்கு 225 லிட்டர் வேண்டும். அந்த நாளில் யார் ஊற்றுவார்கள்?

2005-இல் ரீட்டா புயலுக்குப் பயந்து அமெரிக்காவின் ஹூஸ்டன் பகுதியிலிருந்து லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். நெரிசல் 150 கி.மீ. அளவுக்கு நீண்டது. கொளுத்தும் வெயிலில் ஊர்ந்து ஊர்ந்து, பெட்ரோல் தீர்ந்து, நடுரோட்டில் நின்ற வண்டிகள் ஏராளம். வெளியேறும் வழியிலேயே பலர் இறந்தார்கள். குண்டு துளைக்காத கதவு அங்கே என்ன செய்திருக்கும்? எனவே கடையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, முழு டேங்க்கில் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான்.

இனி, அணுகுண்டு வெடிக்கும்போது எழுந்து மின்சாதனங்களைக் கெடுக்கக்கூடிய மின்காந்தத் துடிப்பு. கம்ப்யூட்டர் வண்டி நின்றுவிடும் என்று சொல்வது இதனால்தான். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1962-இல் அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேலே 400 கி.மீ. உயரத்தில் ஒரு அணுகுண்டை வெடித்தபோது, சுமார் 1,400 கி.மீ. தள்ளியிருந்த ஹவாயில் சில தெருவிளக்குகள் அணைந்தன. ஆனால் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த குழு, 1986 முதல் 2002 வரை தயாரான 37 கார்களில் அதே மாதிரித் துடிப்பைச் செலுத்திச் சோதித்துப் பார்த்தது. இன்ஜின் ஓடாமல் இருந்த கார்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடிக்கொண்டிருந்தவற்றில் மூன்று நின்றன; மீண்டும் ஸ்டார்ட் செய்ய வேண்டிய அளவுதான். இன்றைய கார்களில் எலக்ட்ரானிக்ஸ் இன்னும் அதிகம், அதனால் இதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. சரி, உங்கள் பழைய வண்டி தப்பித்தது என்றே வைத்துக்கொள்வோம். பங்க்கில் பெட்ரோலை மேலே ஏற்றும் மோட்டாருக்குக் கரண்ட் வேண்டுமே!

என்னைக் கேட்டால், உங்கள் வட்டாரத்தில் அதிகம் ஓடுகிற டீசல் பிக்கப் அல்லது ஜீப் போதும். எந்த மெக்கானிக்கும் கை வைப்பார், பாகமும் கிடைக்கும். டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 70 வரிசை 1984-இல் வந்தது. நிவாரண அமைப்புகள் இன்னும் அதைக் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணம். டீசலைச் செலுத்த கம்ப்யூட்டர் தேவைப்படாத மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் இன்ஜின் நல்ல நிலையில் கிடைத்தால் இன்னும் நல்லது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். அவசரத்துக்குப் பழைய இன்ஜின்கள் அந்த மாதிரி எண்ணெயைச் சகித்துக்கொள்ளும், குளிரில் மட்டும் கட்டியாகித் தொல்லை தரும். மிக அதிக அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் புது வகை (காமன் ரெயில்) இன்ஜினில் முயன்றால், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் போய்விடும்.

எரிபொருளைச் சேர்த்து வைத்து மறந்துவிடாதீர்கள். பெட்ரோல் சில மாதங்களில் கெடும். டீசல் ஓராண்டு அளவுக்குத் தாங்கும். தண்ணீர் சேர்ந்தால் அதில் கிருமி வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். கேனில் உள்ளதை வண்டிக்கு ஊற்றிவிட்டு, கேனைப் புதிதாக நிரப்பி வாருங்கள். வீட்டுக்குள் வேண்டாம். எவ்வளவு வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்றும் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் மின்சார கார் வேண்டவே வேண்டாமா?

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். 2011 ஜப்பான் பூகம்பத்துக்குப் பிறகு பெட்ரோலுக்கு நீண்ட வரிசை நின்றது. பல இடங்களில் மின்சாரம் அதற்கு முன்பே திரும்பியதால் நிவாரண வேலைக்கு மின்சார கார்கள் ஓடின. நெரிசலில் நிற்கும்போது அது அதிகம் செலவழிக்காது. 1 கிலோவாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 4 யூனிட் தந்தால் 25 கி.மீ. போல ஓட்டலாம். இருந்த இடத்திலேயே தங்குவதாக இருந்தால் இதுதான் என் தேர்வு. நீண்ட தூரம் ஓட வேண்டுமென்றால் டீசல்.

கேள்வி: பைக்?

பதில்: நான்கு பேருக்கு ஆகாது. இரண்டு சைக்கிளை வண்டியின் பின்னால் மாட்டி வையுங்கள், ரோடு அடைபட்டால் உதவும்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கி, தேவைப்படும் வரை மூடிப் போட்டு வைக்கலாமா?

பதில்: கூடாது. பேட்டரி இறங்கிவிடும், ரப்பர் விரிசல் விடும். தினசரி ஓட்டுகிற வண்டியாகவே இருக்கட்டும். வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் தயாரானது. ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் தேயாமல் இருந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பத்து என்றால் மாற்றியே ஆக வேண்டும், ஸ்டெப்னியும் சேர்த்து.