இன்ப அதிர்ச்சிப் பிறந்தநாள்: கேட்டதும் சொன்னதும்

வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டிலேயே, அவர்களுக்குத் தெரியாமல் பிறந்தநாள் விழா வைப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. மதுரையில் வீட்டு விசேஷங்களுக்கு ஏற்பாடு செய்துகொடுப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கே.கே. நகரிலிருந்து ஒரு தாய்: அக்கா, மகளுக்கு 16 வயது நிறைகிறது. பிறந்தநாளையே மறந்துவிட்டதுபோல் எல்லோரும் பகல் முழுக்க நடிக்கலாம், மாலையில் கேக் வெட்டலாம் என்கிறார் என் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்: ஒப்பவே வேண்டாம். இந்த வயதில் பிள்ளைகள் வெளியே அலட்சியமாகத் தெரிவார்கள். ஆனால் அம்மாவுக்கு நினைவிருக்கிறதா என்று விடிந்ததிலிருந்து கவனித்துக்கொண்டே இருப்பார்கள். பகல் முழுக்க அந்தப் பெண் உள்ளுக்குள் அழுதிருந்தால், மாலையில் எத்தனை பலூன் கட்டினாலும் ஈடாகாது. நம் வீட்டு வழக்கமே உங்களுக்குக் கைகொடுக்கும். காலையில் தலைக்குக் குளிக்கச் சொல்லுங்கள், புது உடை கொடுங்கள், பாயசம் வையுங்கள், கோயிலுக்குப் போய் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வாருங்கள். இந்த ஆண்டு இவ்வளவுதான் என்று அவளே நினைத்துக்கொள்வாள். மாலை விழா அதற்குமேல் வருவதால்தான் இனிக்கும்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் பேசக் கூசும் பெண்ணா அவள்? அப்படியென்றால் சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூடத்தில் நிறுத்தி ஒரே குரலில் கத்த வைக்காதீர்கள். நெருங்கிய தோழிகள் நான்கைந்து பேர் போதும். அத்தை, மாமா எல்லாம் மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வரட்டும். நெருங்கிய தோழி யார் என்பது நமக்குத் தெரியும் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. போன வருடம் உயிராக இருந்தவளோடு இப்போது பேச்சுவார்த்தையே இல்லாமல் இருக்கலாம். தங்கையிடமோ தம்பியிடமோ விசாரித்துவிட்டு அழையுங்கள்.

திருநகரிலிருந்து ஒரு தந்தை: மகனை இரண்டு மணி நேரம் வெளியே வைத்திருக்க வேண்டும். என்ன காரணம் சொல்வது?

பதில்: பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்பதுபோல் எதையும் சொல்லாதீர்கள், பையன் பதறிப்போவான். அவனுக்குப் பிடித்த அண்ணன் முறைப் பையன் ஒருவன் கூப்பிட்டால் தானாகப் போவான். தெப்பக்குளம் பக்கம் போய்க் காற்று வாங்கிவிட்டு வரட்டும். அங்கிருந்து கிளம்பும்போது ஒரு தகவல், தெருமுனை வந்ததும் ஒன்று என்று உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் நகருக்குள் அனுப்ப வேண்டாம். எந்த நேரத்துக்குத் திரும்புவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

நிறைய வீடுகளில் குட்டை உடைப்பது வாசலில் கிடக்கும் செருப்புகள்தான்! உள்ளே விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மூச்சடக்கி நிற்பார்கள். வாசற்படியில் பத்துப் பன்னிரண்டு ஜோடி செருப்பு வரிசையாகக் கிடக்கும். அவற்றில் தன் நண்பனின் நீல வார் செருப்பைப் பார்த்ததுமே பையன் சிரித்துவிடுவான். ஒரு சாக்கில் அள்ளிப் பின்கட்டில் வைத்துவிடுங்கள். வண்டிகளை அடுத்த தெருவில் நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், அவர்கள் வாசலிலேயே வாழ்த்திவிடக் கூடாதல்லவா?

அண்ணா நகரிலிருந்து: இருபது பேருக்குச் சாப்பிட என்ன செய்வது? அதிகம் செலவழிக்க முடியாது.

பதில்: பரோட்டாவும் சால்னாவும் பக்கத்துக் கடையில் சொல்லிவிடுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்தது இல்லை. வீட்டில் ஜிகர்தண்டா மட்டும் செய்யுங்கள், செலவும் குறைவு, மதுரை வீடு என்ற பெருமையும் இருக்கும். 25 கிராம் பாதாம் பிசினைத் தூசி போக அலசி, முதல் நாள் இரவே பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு ஊற வையுங்கள். காலையில் பாத்திரம் நிறையப் பொங்கி நிற்கும். 4 லிட்டர் பாலை அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே பாதியாகச் சுண்டக் காய்ச்சுங்கள். லேசாகப் பழுப்பேறியதும் சர்க்கரை சேர்த்து இறக்கி, ஆறவிட்டுக் குளிர வையுங்கள். பரிமாறும்போது பிசின், நன்னாரி சர்பத், பால், மேலே ஓர் உருண்டை ஐஸ்கிரீம். முன்கூட்டியே கலந்து வைத்தால் நீர்த்துவிடும்.

கிரீம் கேக்கைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெட்டுகிற நேரத்தில்தான் எடுக்க வேண்டும். மே மாத மதுரை வெயிலில் அது வெளியே தாங்காது.

செல்லூரிலிருந்து ஒரு பாட்டி: பிறந்தநாள் அன்று தீபத்தை ஊதி அணைப்பது எனக்குப் பிடிக்கவில்லை, தாயி. பேரன் என்ன நினைப்பானோ?

பதில்: அம்மா, நீங்கள் குத்துவிளக்கு ஏற்றித் திருநீறு பூசிவிடுங்கள், பிறகு பேரன் கேக் வெட்டட்டும். மெழுகுவத்தியே வேண்டியதில்லை. பேரன் மறுக்க மாட்டான்.

மேலூரிலிருந்து ஒரு மாணவர்: நண்பனுக்காக நுரை தெளிப்பானும் கேஸ் பலூனும் வாங்கலாம் என்று இருக்கிறோம் அக்கா.

பதில்: தம்பி, இரண்டையும் விட்டுவிடுங்கள். நுரை தெளிப்பான்கள் பலவற்றில் அழுத்தி அடைத்திருப்பது எளிதில் தீப்பற்றும் வாயு. எரியும் மெழுகுவத்திக்கு முன்னால் முகத்தில் அடித்தால் நொடியில் பற்றிக்கொள்ளும். தலைமுடியும் முகமும் வெந்துபோகும். கேஸ் பலூனில் ஹைட்ரஜன் நிரப்பியிருந்தால் அதுவும் நெருப்புப் பட்டால் வெடிக்கும். வாயால் ஊதிய பலூன்களைச் சுவரில் ஒட்டுங்கள். மிச்சமாகும் பணத்தில் எல்லோரும் சேர்ந்து எடுத்த படங்களை அச்சிட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் ஆளுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். நண்பன் அதைப் பத்திரமாக வைத்திருப்பான்.

திருப்பரங்குன்றத்திலிருந்து: மொட்டை மாடியில் பாட்டுப் போடலாமா?

பதில்: போடலாம், அளவாக. இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கச் சட்டம் இடம் தராது. மார்ச் மாதமென்றால் பக்கத்து வீடுகளில் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். மாடியை விட்டுக் கூடத்துக்கு வந்துவிடுங்கள்.

விளாங்குடியிலிருந்து ஒரு தாய்: நாளை மறுநாள் விழா. மகள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். நிறுத்திவிடலாமா?

பதில்: எதற்கு நிறுத்த வேண்டும்? இன்றிரவே அவளை உட்கார வைத்து, யார் யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். பாட்டுகளை அவளே தேர்ந்தெடுக்கட்டும். எந்தப் படத்தை மற்றவர்களுக்கு அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்பதையும் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பரிசு என்ன என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.