நுகர்வோர் கேள்வி-பதில்: அரண்மனை மூடியிருக்கிறது என்றாரா?

கேள்வி: பாங்காக்கில் அரண்மனை வாசலுக்குச் சற்று முன்னால் நேர்த்தியாக உடுத்திய ஒருவர் எங்களை நிறுத்தி, "உள்ளே சடங்கு நடக்கிறது, ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள்" என்றார். அதுவரை இரண்டு கோயில்களைப் பார்த்து வாருங்கள் என்று வெறும் 20 பாட் (தாய்லாந்து நாணயம்) வாடகைக்கு ஒரு டுக்-டுக் ஆட்டோவும் பேசிக்கொடுத்தார். கோயிலில் தற்செயலாகச் சந்தித்த இன்னொருவர், வரியில்லா நகை விற்பனைக்கு இன்றே கடைசி நாள் என்றார். டுக்-டுக் அந்தக் கடைக்கே போய் நின்றது. சென்னையில் விற்றால் இரு மடங்கு கிடைக்கும் என்ற பேச்சை நம்பி, 38,000 பாட்டுக்கு ஒரு நீலக்கல் வாங்கிவிட்டேன். இங்கே காட்டினால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது என்கிறார்கள். கல் போலியா? பணம் திரும்புமா?
– திருச்சி வாசகர்

பதில்: கல் அநேகமாகப் போலியாக இருக்காது, விலைதான் போலி. கண்ணாடித் துண்டை விற்றிருந்தால் மோசடி என்று சொல்லிவிடலாம். தரம் குறைந்த அசல் கல்லைப் பல மடங்கு விலைக்குத் தந்துவிட்டால், "பார்த்துச் சம்மதித்துத்தானே வாங்கினீர்கள்" என்று கடைக்காரர் கையை விரித்துவிடுவார். ரசீதிலும் லாபத்தைப் பற்றி ஒரு சொல் இருக்காது.

20 பாட்டுக்கு அரை நாள் ஊர் சுற்றிக் காட்ட எந்த ஓட்டுநருக்கும் கட்டுப்படியாகாது. உங்களைக் கடை வாசலில் இறக்கினால் அவருக்குப் பெட்ரோல் கூப்பனோ கமிஷனோ கிடைக்கும். அரண்மனை வாசலில் நின்றவரும் கோயிலில் 'தற்செயலாக' வந்தவரும் அதே கணக்கில்தான் வருகிறார்கள். பல பத்தாண்டுகளாக ஒரு வரி மாறாமல் நடக்கும் நாடகம் இது.

அரண்மனை காலை 8.30க்குத் திறக்கும், டிக்கெட் விற்பனை பிற்பகல் 3.30 வரை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் 500 பாட். மூடியிருக்கிறதா என்பதை டிக்கெட் கவுன்டரில் இருப்பவர் மட்டும் சொல்லட்டும். தோளும் முழங்காலும் மறைகிற உடை கட்டாயம். அதைச் சாக்கிட்டு வழியில் நிறுத்துகிறவர்களும் உண்டு.

உங்கள் 38,000 பாட்டைவிட அன்று நீங்கள் பார்க்காமல் விட்டதுதான் எனக்கு வருத்தம். அரண்மனை வளாகத்துக்குள் இருக்கும் மரகத புத்தர் கோயிலின் சுற்றுமண்டபச் சுவரில் ராமகியன், அதாவது தாய்லாந்து ராமாயணம், 178 ஓவியங்களாக ஓடுகிறது. வழிகாட்டிக்குத் தனியாகப் பணம் தர வேண்டாம், கதை நமக்குத் தெரியும். ராவணனுக்கு அங்கே தோசகன் என்று பெயர். தசகண்டன் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. அனுமன் மட்டும் கொஞ்சம் திகைக்க வைப்பார். உடம்பு வெள்ளை நிறம், பிரம்மச்சரியம் கிடையாது, காதலிகள் பலர்!

பணத்துக்கு வருகிறேன். தாய்லாந்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே சுற்றுலாக் காவல்துறையை 1155 என்ற எண்ணில் அழைத்து, அவர்கள் துணையோடு கடைக்குப் போயிருந்தால் ஒரு பகுதியாவது திரும்ப வாய்ப்பு இருந்தது. இப்போது கார்டு ரசீது, பில், கடை தந்த சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் வங்கிக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். "கல்லை அனுப்புங்கள், பணம் தருகிறோம்" என்று கடைக்காரர் தொலைபேசியில் சொன்னால், எழுத்தில் உறுதி வராமல் தபாலில் அனுப்பிவிடாதீர்கள்.

இனி போகிறவர்களுக்கு: சீலோம் சாலைப் பகுதியில் தாய்லாந்தின் ரத்தின, நகை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கல்லைச் சோதித்துச் சான்றிதழ் தருவார்கள். அங்கே சோதித்த பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நல்ல கடை சம்மதிக்கும்.

கேள்வி: டம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தைக்கு வாடகைக் காரில் போனோம். ஓட்டுநர் இறக்கிவிட்ட படகுத்துறையில் ஆளுக்கு 2,000 பாட் கேட்டார்கள். படகு ஏறினால்தான் சந்தையைப் பார்க்க முடியும் என்றார்களே, உண்மையா?
– ஈரோடு வாசகி

பதில்: இல்லை. உங்களை இறக்கியது சந்தைக்கு முன்னால் இருக்கும் தனியார் படகுத்துறை. கால்வாயின் இரு கரையிலும் நடந்தே சந்தையைப் பார்க்கலாம், அங்கே போன பிறகு குறைந்த தொகைக்கு சிறு படகும் கிடைக்கும். "சந்தைக்கு உள்ளே கொண்டுபோய் விட வேண்டும்" என்று காரில் ஏறும்போதே பேசிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலையில் கூடும் அம்பாவா சந்தைக்குப் போங்கள் என்பேன். அங்கே தாய்லாந்துக்காரர்களே குடும்பத்தோடு சாப்பிட வருகிறார்கள்.

கேள்வி: தாய்லாந்துத் தங்கம் நம் 22 காரட்டைவிடச் சுத்தம் என்கிறார்களே, மகள் திருமணத்துக்கு அங்கே வாங்கலாமா?
– காரைக்குடி வாசகி

பதில்: சுத்தம் என்பது உண்மைதான். நம் 22 காரட் 91.6 சதவீதம், அவர்களுடைய வழக்கமான நகைத் தங்கம் 96.5 சதவீதம். பாட் என்பது அங்கே நாணயத்துக்கும் பெயர், தங்க எடைக்கும் பெயர். நகையில் ஒரு பாட் என்றால் 15.16 கிராம், நம் இரண்டு சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. யாவராட் என்ற சீனர் பகுதியில் சிவப்புப் பலகை வைத்த கடைகள் வரிசையாக இருக்கும். தங்க வணிகர் சங்கம் அறிவிக்கும் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். சேதாரம் என்று சதவீதக் கணக்குப் போட மாட்டார்கள். நகைக்கு இவ்வளவு கூலி என்று ஒரு தொகை, அவ்வளவுதான். இந்த வெளிப்படைத்தன்மை நம் கடைகளுக்கும் வந்தால் கோயிலில் தேங்காய் உடைப்பேன்.

ஆனாலும் வாங்க வேண்டாம். தங்க நகைக்கு இந்தியச் சுங்கம் தரும் தனிச் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புவோருக்குத்தான். ஐந்து நாள் சுற்றுலா போன உங்களுக்குக் கிடையாது. தீர்வை கட்டினால் மிச்சம் பிடித்தது போய்விடும். மறைத்துக் கொண்டுவந்தால் நகையே போய்விடும்.

கேள்வி: அங்கே வாங்கும் பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்குமாமே?
– சேலம் வாசகர்

பதில்: கிடைக்கும், மதிப்புக் கூட்டு வரி 7 சதவீதம். இந்த வசதியில் சேர்ந்திருக்கும் கடையாக இருக்க வேண்டும், ஒரே கடையில் ஒரே நாளில் குறைந்தது 2,000 பாட்டுக்கு வாங்கியிருக்க வேண்டும். வாங்கிய அன்றே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேளுங்கள். சிறு தொகைகள் சேவைக் கட்டணத்திலேயே கரைந்துவிடும். விமான நிலையத்தில் சுங்க முத்திரை வாங்கும் முன் பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

கேள்வி: கொலுவில் வைக்கப் பாங்காக்கில் ஒரு புத்தர் தலைச்சிலை வாங்கலாம் என்று இருக்கிறேன். விமானத்தில் கொண்டுவர விடுவார்களா?
– மயிலாப்பூர் வாசகி

பதில்: புத்தர் உருவங்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அங்குள்ள நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும், கழுத்தில் அணியும் சிறு தாயத்துகளுக்கு மட்டும் கெடுபிடி இல்லை. விற்கும் கடை அனுமதி வாங்கித் தருமா என்று முதலில் கேளுங்கள். தலை மட்டும் உள்ள சிலை வேண்டவே வேண்டாம். புத்தரை அலங்காரப் பொருளாக வைப்பது அங்குள்ளவர்களைப் புண்படுத்தும். அப்படிச் செய்யாதீர்கள் என்று சாலையோரம் விளம்பரப் பலகையே வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கொலுவுக்கு, தாய்லாந்தின் கோன் முகமூடி நாடகத்தில் வரும் அனுமன் பொம்மை பொருத்தமாக இருக்கும், அனுமதியும் தேவையில்லை. அனுமன் ஏன் வெள்ளையாக இருக்கிறார் என்று மாமி யாராவது கேட்டால் ராமகியன் கதையைச் சொல்லுங்கள். காதலிகள் விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.