குஞ்சு வாங்கும் முன் தெர்மாமீட்டர் வாங்குங்கள்

மலையில் மீன் வளர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கோத்தகிரி: தேயிலைத் தோட்டத்தின் அடியில் சிறு குளம் இருக்கிறது. கட்லா, ரோகு விடலாமா ஐயா?

தண்ணீரின் வெப்பநிலையைச் சொல்லவில்லையே! இரண்டும் சமவெளி மீன்கள். 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால்தான் நன்றாகத் தின்னும். மார்கழிக் குளிரில் நீங்கள் போடும் தவிடும் பிண்ணாக்கும் அடியில் கிடந்து அழுகும். சாதாக்கெண்டையும் புல்கெண்டையும் குளிர் தாங்கும். மேல் சரிவில் பூச்சிமருந்து அடிக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒரு மழை போதும், விடிந்தால் குளமெங்கும் மீன்கள் வயிறு மேலாக மிதக்கும்.

கொடைக்கானல்: எங்கள் ஊரில் கட்லா வருமா?

கோத்தகிரிக்குச் சொன்னதைப் படியுங்கள். தெர்மாமீட்டர்.

உதகை, கல்லூரி மாணவி: கெண்டைக்கு ஊசி போடுவது எதற்கு?

நல்ல கேள்வி அம்மா. கெண்டை இனத்துக் கட்லாவும் ரோகுவும் வெள்ளம் புரளும் ஆற்றில்தான் முட்டையிடும். குளத்தில் சினை முற்றினாலும் இடாது. அதனால் ஒரு காலத்தில் ஆற்றில் வலை போட்டுத்தான் குஞ்சு பிடித்தார்கள், அதில் வேண்டாத மீன்களும் கலந்து வரும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரியும் உடன் இருந்தவர்களும் வேறு மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியில் எடுத்த சாற்றை ஊசியில் ஏற்றிக் குளத்துக் கெண்டையை முட்டையிட வைத்தார்கள். அந்தச் சுரப்பி மூளைக்கு அடியில் கடுகளவுதான் இருக்கும். மாலையில் ஊசி போட்டுத் துணித்தொட்டியில் விட்டால் விடியலுக்குள் முட்டைகள் ஊதிக் கண்ணாடி மணிகளாகக் கிடக்கும். அந்த நாளைத்தான் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

கூடலூர்: ஆப்பிரிக்கக் கெளுத்தி?

2000-இலேயே தடை செய்தாயிற்று. அடுத்தவர்.

குன்னூர்: டிரவுட் வெள்ளைக்காரர்களின் தூண்டில் விளையாட்டுக்கு வந்த குளிர்நீர் மீன். அதற்கு எதற்கு அரசுப் பணம்?

விளையாட்டுக்கு வந்தது உண்மை. 1860களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு மீன் வளர்ப்பு நிபுணர் வில்சன் காலத்தில், 1907-இல், நீலகிரியின் அவலாஞ்சியில் முட்டை பொரிக்கும் பொரிப்பகம் வந்தது. ஆனால் உங்கள் ஏரியின் கண்ணாடிக் கெண்டையும் (சாதாக்கெண்டையில் ஒரு வகை) 1939-இல் இலங்கையிலிருந்து வந்ததுதான். அதை மட்டும் குழம்பு வைக்கிறீர்களே!

எமரால்டு: அப்படிச் சொல்லுங்கள்! ஓடைகளிலெல்லாம் டிரவுட் விட வேண்டும்.

நான் அப்படிச் சொல்லவில்லை. அது ஓடையின் பூச்சிகளையும் சிறுமீன்களையும் தின்று வாழ்வது. தொட்டியில் அடைத்து வளர்ப்பது வேறு, ஓடையில் விடுவது வேறு.

குன்னூர்: கெண்டை மட்டும் சாதுவா?

இல்லை, சேற்றைக் கிளறி ஏரியைக் கலக்கும். ஒப்புக்கொள்கிறேன்.

மசினகுடி: ஐயா, கட்லா...

தெர்மாமீட்டர்! பொறுங்கள், மசினகுடியா? அங்கே வெயில் உண்டு. உங்களுக்கு வரும். ஆனாலும் அளந்துவிட்டே வாங்குங்கள்.