தை மாதத் தீயும் பங்குனித் தீயும் ஒன்றல்ல: காட்டுத்தீ பற்றிய கேள்வி-பதில்

மாசி பிறந்தால் கேள்விகளும் வந்துவிடுகின்றன. ஒரே பொருளைச் சுற்றி வந்தவற்றைச் சேர்த்து, நீண்ட கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

“மனிதன் ஒதுங்கிக்கொண்டால் காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், தீயும் குறையும் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். சரியா?” (கல்லூரி மாணவி, கோவை)

எந்தக் காட்டைப் பற்றிச் சொன்னார் என்பதைப் பொறுத்தது. அமைதிப் பள்ளத்தாக்கு போன்ற மழைக்காட்டுக்குப் பொருந்தும். அங்கே ஈரம் வற்றுவதில்லை. தீ புகுந்தால் மரங்களுக்குத் தாங்கும் திறனும் இல்லை. முதுமலையின் கிழக்குப் பகுதி, சீகூர், சத்தியமங்கலம் ஆகியவை வேறு வகை. தேக்கு, வேங்கை, கருமருது எல்லாம் இலை உதிர்த்து நிற்கும் காலத்தில், கீழே புல் முழங்காலுக்கு மேல் காய்ந்து கிடக்கும். கருமருதின் பட்டை தடித்து வெடித்திருப்பதைப் பாருங்கள். தீயோடு பழகிய மரம் அது. கன்றுகள் கருகினாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

ஆனால் துளிர்த்த கன்று ஆளுயரம் தாண்டச் சில ஆண்டுகள் தீயில்லாமல் கிடைக்க வேண்டும். அது கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். முதுமலைப் பதிவுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வின்படி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் இடம் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிந்தது. நூற்றாண்டின் இறுதியில் அந்த இடைவெளி 3.3 ஆண்டாகச் சுருங்கிவிட்டது. நம் காடுகளில் கோடைத் தீக்கு ஏறத்தாழ எல்லா நேரமும் மனிதக் கைதான் காரணம். மின்னல் பெரும்பாலும் மழையோடு வருவதால் அதன் மேல் பழியைப் போட முடியாது. ஆகவே ஒதுங்கியிருக்க வேண்டும் என்று சொல்பவர், யார் ஒதுங்குவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

“சோளகர்கள் காட்டுக்குத் தீ வைத்தே வளர்த்தார்கள் என்கிறார்களே, அது காட்டை அழிப்பதில்லையா?” (ஆசிரியர், சத்தியமங்கலம்)

உங்கள் ஊருக்கு வடக்கே, கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலையில் அந்தப் பழங்குடியினர் வைத்தது சருகுத் தீ. தை மாதம், பனி முழுதும் விலகாத, மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும் பருவத்தில் வைப்பார்கள். தீ முழங்காலைத் தாண்டாது. சருகைத் தின்றுவிட்டு, ஈரம் கண்ட இடத்தில் தானாகவே அடங்கும். எரிந்த திட்டும் எரியாத திட்டும் கலந்து கிடப்பதால், பங்குனியில் யாரோ போட்ட பீடியால் தீ பிடித்தாலும் அது நெடுந்தூரம் ஓட வழியிருக்காது. எரிந்த இடத்தில் முதல் மழைக்குப் பின் வரும் இளம்புல்லை மானும் காட்டெருமையும் தேடி வரும்.

1974-இல் அந்த மலை சரணாலயமானது. தீ வைப்பது தடை செய்யப்பட்டது. அதன் பிறகு நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகிவிட்டதாகவும், உண்ணிச்செடி (லந்தானா என்ற அயல்நாட்டுக் களை) காட்டை மூடிவிட்டதாகவும் சோளகர்கள் சொல்கிறார்கள். புல்லுருவியைச் சருகுத் தீ கட்டுக்குள் வைத்திருந்தது என்பது அவர்கள் வாதம். நெல்லிக்காய் சேகரித்துப் பிழைத்தவர்கள் மரத்தைப் பார்த்துச் சொல்லும் வாதத்தை நான் எளிதில் தள்ளமாட்டேன். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2011-இல் அவர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. தீ வைக்கும் உரிமை மட்டும் இன்னும் திரும்பவில்லை.

அதற்காக நாளைக்கே பழையபடி தீ வைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். இன்று அந்தக் காட்டில் இருப்பது பழைய புல்தரை அல்ல. உண்ணிப் புதர் எண்ணெய்ப் பசை உள்ளது. அடியிலிருந்து கிளை வரை அடர்ந்து, தரையில் ஓட வேண்டிய தீயை மரத்தின் தலைக்கு ஏற்றிவிடும். எரிந்த பிறகு எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு துளிர்ப்பதும் அதுதான். தீ உண்ணியை வளர்க்கிறது, உண்ணி அடுத்த தீயை வளர்க்கிறது என்ற சுழற்சியை நம் ஆய்வாளர்கள் 2005-லேயே எழுதிவிட்டார்கள். முதலில் களை போக வேண்டும். தை மாதத் தீயைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

“எங்கள் நிலத்தை ஒட்டிய ஓடையில் உண்ணிச்செடியை ஆண்டுதோறும் வெட்டுகிறோம். மறு ஆண்டு இரண்டு மடங்காக வருகிறது. என்ன செய்வது?” (விவசாயி, மசினகுடி அருகே)

நீங்கள் வெட்டவில்லை ஐயா, கவாத்து செய்கிறீர்கள். தேயிலையைக் கவாத்து செய்தால் துளிர் அடர்ந்து வருமே, அதுதான் இங்கும் நடக்கிறது.

உண்ணி துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்து. அந்தக் கழுத்து மண்ணுக்குள் இருக்கிறது. ஆகவே மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, புதரைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, நான்கு விரல் ஆழத்தில் ஆணிவேரை மண்வெட்டியால் துண்டியுங்கள். வந்த புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, வேர் வானத்தைப் பார்க்கும்படி போட்டுவிடுங்கள். பக்கவாட்டில் போட்டால் கிளை மண்ணைத் தொட்டு வேர்விடும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு பரவலாக்கிய முறை இது. கார்பெட் புலிகள் காப்பகம் உட்படப் பல இடங்களில் பயன்பட்டிருக்கிறது. காய் பழுப்பதற்கு முன் செய்வது முக்கியம்.

அதோடு முடியாது. பழம் தின்ற பறவைகள் பெரிய மரத்தில் உட்கார்ந்து எச்சமிடும் இடத்தில் புதுக் கன்றுகள் கூட்டமாக வரும். அடுத்த இரண்டு மூன்று மழைக்காலம் அவற்றைக் கையால் பிடுங்க வேண்டும். வெறுமையான தரையில் உள்ளூர்ப் புல் விதையைத் தூவுங்கள். தரையை வெட்டையாக விட்டால் பார்த்தீனியம் வந்து உட்காரும். பணம் செலவழித்துக் களை எடுத்துவிட்டு, புல்லை மறந்துவிட்ட எத்தனையோ இடங்களில் இதைத்தான் பார்க்கிறோம்.

வெட்டிய குச்சிகள் வீண் இல்லை. கூடலூர்ப் பக்கம் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் கைவினைஞர்கள் உண்ணிக் குச்சியில் ஆளை அசத்தும் முழு அளவு யானைகள் செய்கிறார்கள். அவை லண்டன் பூங்காக்கள் வரை போய் நின்றன. உண்ணிக்கு அடுத்தபடியாகக் காட்டில் பரவும் அயல் மரமான மஞ்சள் கொன்றையைக் காகித ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடும் தமிழ்நாட்டில் நடக்கிறது.

“உண்ணிப் பூவில் பட்டாம்பூச்சிகள் மொய்க்கின்றனவே. அதை அழித்தால் அவை எங்கே போகும்?” (இல்லத்தரசி, ஈரோடு)

தேன் குடிக்க வருகின்றன. முட்டையிட்டு வளர அவற்றுக்கு நம் செடிகள்தான் வேண்டும். உண்ணிக்கு அடியில் அந்தச் செடி ஒன்றும் முளைப்பதில்லை. மானுக்கும் காட்டெருமைக்கும் அது தீவனமாகாது. ஒரே நாளில் மொத்தமாக வழித்தெடுக்காமல், பகுதி பகுதியாக எடுத்தால் உங்கள் கவலையும் தீரும்.

“வனத்துறையே சாலையோரத்தில் தீ வைத்து எரிப்பதைப் பார்த்தேன். நியாயமா?” (சுற்றுலாப் பயணி, திருப்பூர்)

நீங்கள் மைசூரு–உதகை சாலையில் பார்த்திருப்பீர்கள். அது தீத்தடுப்புக் கோடு. கோடைக்கு முன்பே சாலையின் இருபுறமும் புல்லை வெட்டி, காய்ந்ததும் காற்று அடங்கிய வேளையில் ஆட்களை நிறுத்தி எரிக்கிறார்கள். பின்னால் தீ வந்தால் எரிய அங்கே ஒன்றும் இருக்காது. குறை சொல்வதானால் வேறு ஒன்று சொல்வேன்: தற்காலிகத் தீத்தடுப்புக் காவலர்களைத் தாமதமாக வேலைக்கு எடுத்து, தாமதமாகக் கோடு வெட்டினால், அந்தக் கோட்டுத் தீயே காட்டுக்குள் ஓடிவிடும்.

“உதகையில் வெறும் புல் மலைகளாகக் கிடக்கின்றனவே, மரம் நட்டால் பசுமை கூடாதா?” (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், சென்னை)

தயவுசெய்து வேண்டாம். மலை மடிப்புகளில் சோலை, மேட்டில் புல் என்பது அந்த மலையின் இயல்பு. நீலகிரியின் கரிமண் படிவுகளில் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய புல்லின் தடயம் கிடைத்திருக்கிறது. அங்கே வாட்டில் என்ற ஆஸ்திரேலிய மரத்தை நட்டதன் விளைவை இன்று அனுபவிக்கிறோம். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். தீ பட்டால் ஓடு வெடித்து ஒட்டுமொத்தமாக முளைக்கும். வாட்டில் காட்டுக்குத் தீ வைத்தால் அடர்ந்த வாட்டில் காடுதான் கிடைக்கும். புல்வெளியில் நிலைமை நேர் எதிர். மூணாறு அருகே இரவிகுளம் தேசியப் பூங்காவில் புல்லைத் திட்டுத் திட்டாக, இடம் மாற்றி மாற்றி எரிப்பது நெடுநாள் வழக்கம். வரையாடு மேய்வதற்கு இளம்புல் வேண்டும் என்பதற்காக.

“குரங்கணிக்குப் பிறகு மலையேறப் பயமாக இருக்கிறது. தீயில் சிக்கினால் என்ன செய்வது?” (மென்பொருள் பொறியாளர், பெங்களூரு)

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். தீ மேடு நோக்கித்தான் வேகமாக ஓடும். சரிவு பத்துப் பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. ஆகவே கீழே தீ தெரிந்தால் உச்சியை நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, பாறைப் பரப்பு, ஓடை, அல்லது ஏற்கெனவே எரிந்து கறுத்த தரை எது அருகில் இருக்கிறதோ அங்கே போங்கள். ஆளுயரப் புல்லுக்குள் ஒளியவே கூடாது. செயற்கை இழை உடை உருகித் தோலோடு ஒட்டும்; பருத்தி அணியுங்கள். இதையெல்லாம்விட எளிய வழி, தீக்காலத்தில் போகாமல் இருப்பது. அரசு பிப்ரவரி நடுவிலிருந்து இரண்டு மாதம் மலையேற்றத்தை நிறுத்துவது அதற்காகத்தான்.

“செயற்கைக்கோளும் ஹெலிகாப்டரும் இருக்க இவ்வளவு பாடு எதற்கு?” (மாணவர், மதுரை)

செயற்கைக்கோள் எச்சரிக்கை செல்பேசிக்கே வருகிறது. ஆனால் அது பார்க்கும் கட்டம் 375 மீட்டர் அகலம். மேலே கடந்து போவதோ நாளில் சில முறைதான். ஹெலிகாப்டர் 2024 மார்ச்சில் குன்னூர் அருகே வந்து நீர் ஊற்றியது. எஞ்சிய கனலை அணைப்பது பச்சைத் தழையும் மண்வெட்டியும் வைத்திருக்கும் ஆள்தான்.

“காட்டை ஒட்டிய என் தோட்டத்தில் குப்பையை எரிக்கலாமா?” (காப்பித் தோட்ட உரிமையாளர், ஏற்காடு)

மட்க வைப்பதே நல்லது. காப்பிக்கு உரமும் ஆகும். எரித்தே ஆக வேண்டுமென்றால் தை முடிவதற்குள், காலையில், குப்பையைச் சுற்றி மண் தெரியச் செதுக்கிவிட்டு, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு எரியுங்கள். உங்கள் தீ காப்புக்காட்டுக்குள் போனால் 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி அது குற்றம். எல்லையில் பட்டுப்போன மரம் நின்றால் கவனியுங்கள்: உள்காட்டில் அது ஆந்தைக்கும் மரங்கொத்திக்கும் வீடு, தீத்தடுப்புக் கோட்டின் விளிம்பில் அது பிடித்துக்கொண்டால் பொறியைக் கோட்டுக்கு அப்பால் எறியும். விளிம்பில் இருப்பதை மட்டும் அனுமதி பெற்று அகற்றுங்கள். எரித்த மறுநாள் காலை சாம்பல் மேல் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். காய்ந்த சாணமும் வேர்க்கட்டையும் வெளியே தெரியாமல் கனன்றுகொண்டே இருக்கும். சூடு தெரிந்தால் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிடுங்கள்.