சுட்ட தோட்டாக் கூட்டைச் சுருக்குவது எப்படி: கழுத்தை மட்டுமா, முழு நீளத்தையுமா?

சுட்ட ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூடு, அழுத்தத்தால் விரிந்து அந்தத் துப்பாக்கி அறையின் வடிவத்தையே ஏறக்குறைய எடுத்துக்கொள்வதால், மீண்டும் நிரப்புமுன் அதை அச்சில் அழுத்திச் சுருக்குகிறார்கள். குண்டைப் பற்றும் வாயை மட்டும் சுருக்குவது கழுத்து முறை. கழுத்துக்குக் கீழே சரிவாக விரியும் தோள், அதன் கீழுள்ள உடல் அனைத்தையும் சுருக்குவது முழுநீள முறை.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கும் ரெடிமேட் சட்டை பலருக்கும் பொருந்தும், அளவெடுத்துத் தைத்தது ஒருவருக்கே பொருந்தும் என்பதைப் போல, கழுத்து முறையில் சுருக்கிய கூடு தன் துப்பாக்கிக்கே உரியது. அதிலும் சில முறை நிரப்பிச் சுட்ட பின் அறைக்குள் இறுகத் தொடங்கும். சுட்ட விசையிலேயே அடுத்த தோட்டா ஏறும் வகைகளுக்கு முழுநீளமே ஏற்றது. (இந்தியாவில் தோட்டா தயாரிக்க 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.)

முழுநீள முறையே கூட்டைக் கிழிக்கும் என்று பலர் நினைப்பது தவறு; தோளைத் தேவைக்கு மேல் பின்தள்ளுவதால்தான் அடிப்பகுதி அருகே பித்தளை மெலிந்து பிளக்கிறது.