நெறி கட்டினால் பிசையாதீர்கள்: நிணநீர் மண்டலம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் ஏன் நெறி கட்டுகிறது?

பதில்: காலிலிருந்து ஏறும் நிணநீர் (திசுக்களில் கசிந்து நிணநாளங்களில் ஓடும் நீர்) போய்ச் சேரும் பெரிய கணுக்கூட்டம் அங்கேதான் இருக்கிறது. நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளே கணுக்கள், அவை வீங்குவதுதான் நெறி கட்டுவது. புண்ணில் புகுந்த கிருமியின் துண்டுகளை டென்ட்ரிடிக் செல்கள் என்ற காவல் செல்கள் அங்கே சுமந்துபோய் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்களிடம் காட்டும். ஒரு குறிப்பிட்ட கிருமிக்குப் பொருந்தும் லிம்போசைட்டுகள் மிகச் சிலதான். அதனால் கணு ஒரு தந்திரம் செய்கிறது: செல்கள் உள்ளே வந்தபடி இருக்க, வெளியேறும் வழியைச் சில நாள் அடைத்துவிடும். பொருந்திய செல் சிக்கியதும் அது இரண்டாகி, நான்காகி, சில நாளில் ஆயிரக்கணக்கில் பெருகும். கணுவின் மேலுறை இழுபட்டு வலிக்கும். பிறகு ஆன்டிபாடிகள் (கிருமியைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) வரும், முதலில் ஐஜிஎம் வகை, அடுத்து ஐஜிஜி வகை. ஆக, வைத்தியம் புண்ணுக்குத்தான் வேண்டும். கட்டியைப் பிசையாதீர்கள்.

கேள்வி: கழுத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. புற்றுநோயாக இருக்குமா?

பதில்: தலையைக் கட்டி இருக்கும் பக்கம் லேசாகச் சாய்த்து, தசை தளர்ந்ததும் இரண்டு விரல்களின் நுனிச்சதையால் மெல்ல வட்டமிட்டுப் பாருங்கள். மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். 1 செ.மீ.க்குள் இருந்து, மெத்தென்று, விரலுக்கடியில் நழுவினால் பெரும்பாலும் பழைய சளி காய்ச்சலின் மிச்சம். கல் போல் கெட்டியாக, ஒட்டிக்கொண்டு நகராமல், வளர்ந்துகொண்டே இருந்தால், அல்லது 4 வாரம் தாண்டியும் வற்றாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். எடை குறைவது, இரவில் உடை நனைய வியர்ப்பது, காரணம் தெரியாத காய்ச்சல் ஆகியவை சேர்ந்தாலும் அப்படியே. காறையெலும்புக்கு மேலே உள்ள கணு மட்டும் விதிவிலக்கு. அது எந்த அளவில் தட்டுப்பட்டாலும் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: தாடைக்கு அடியில் கட்டி, பல்வலியும் உண்டு.

பதில்: பல் மருத்துவர்.

கேள்வி: தந்துகியிலிருந்து (மிக நுண்ணிய ரத்தக்குழாய்) கசியும் நீரில் பெரும்பகுதி அது சிரையோடு சேரும் முனையில் திரும்ப உறிஞ்சப்படுகிறது, மிச்சம்தான் நிணநீர் என்று படித்தேன். சரிதானே?

பதில்: பல பாடநூல்களில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. 1896-ல் ஆங்கில உடலியலாளர் ஸ்டார்லிங் சொன்னதை ஒட்டி எழுந்த படம் அது. தந்துகியின் உட்சுவரில் கிளைகோகேலிக்ஸ் என்ற மெல்லிய பூச்சு உண்டு. நீரை உள்ளிழுக்கும் புரத விசை அந்தப் பூச்சுக்குக் கீழே உள்ள சிறு இடைவெளியைப் பொறுத்தது, வெளியே உள்ள திசுநீரைப் பொறுத்ததல்ல. அதைக் கணக்கில் எடுத்தால், பெரும்பாலான திசுக்களில் தொடர்ச்சியான மறு உறிஞ்சல் இல்லை. கசிந்தது நிணநாளம் வழியாகத்தான் திரும்புகிறது.

அதே வாசகர்: அப்படியென்றால், ரத்தம் இழந்தவருக்குத் திசுநீர் ரத்தத்துக்குள் வருவது எப்படி?

பதில்: நல்ல மறுப்பு. தந்துகி அழுத்தம் சட்டென்று விழும்போது உறிஞ்சல் நடக்கும், ஆனால் அது சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். சிறுநீரகம், குடலின் உட்சவ்வு, நிணநீர்க்கணு ஆகியவற்றில் மட்டும் இடைவிடாமல் நடக்கிறது. இது வெறும் ஏட்டு விவாதமல்ல. அறுவையில் அக்குள் கணுக்களை எடுத்தவரின் கை ஏன் பிடிவாதமாக வீங்குகிறது? நீருக்கும் புரதத்துக்கும் வேறு பெரிய வழி இல்லை. நீரிறக்க மாத்திரை அங்கே உதவாததும் அதனால்தான். அழுத்த உறையும் கையை அசைக்கும் பயிற்சியுமே உதவும்.

கேள்வி: மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். என்ன கவனம் தேவை?

பதில்: மண்ணீரல் வடிகட்டுவது நிணநீரை அல்ல, ரத்தத்தை. அது இல்லாதவருக்கு நியூமோகாக்கஸ் போன்ற உறையுள்ள பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். நியூமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே பி என்ற பாக்டீரியா) தடுப்பூசிகள் அவசியம். திட்டமிட்ட அறுவையென்றால் 2 வாரம் முன்பே போட வேண்டும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட எந்த மாத்திரை?

பதில்: கூடுவதெல்லாம் நல்லதல்ல. ஒவ்வாமையும் முடக்குவாதமும் அந்தச் சக்தி தடம் மாறுவதால் வருபவை. உங்களுக்கு விடுபட்ட தடுப்பூசி எது என்று பாருங்கள்.

கேள்வி: கழுத்துக் கட்டி குறைகிறதா என்று தினமும் நாலைந்து முறை அழுத்திப் பார்க்கிறேன். இப்போது வலி கூடியிருக்கிறது.

பதில்: அழுத்துவதாலேயே வலிக்கிறது. மேலே சொன்ன அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் 2 வாரம் கை வைக்காதீர்கள், பிறகு ஒரே ஒருமுறை தொட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.