டாக்டரிடம் கேளுங்கள்: ஏழு வயதுப் பையனுக்குச் சிறுநீர்க் கல்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. மூன்று வாரமாக வலது பக்க விலாவுக்குக் கீழே விட்டு விட்டு வலி, வாந்தி. சிறுநீர்க் குழாயின் அடிப்பகுதியில் 8 மி.மீ. கல் இருக்கிறது, சிறுநீரகமும் வீங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டு லேசரில் உடைக்கலாம் என்கிறார் டாக்டர். அந்தச் சின்ன இடத்தில் கருவி போனால் பின்னாளில் ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கமே வரவில்லை. வாழைத்தண்டுச் சாறே போதும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: வாழைத்தண்டைப் பொரியலாகத் தாராளமாகக் கொடுங்கள் அம்மா, கெடுதல் இல்லை. நாலைந்து மி.மீ. கல் என்றால் தானாக இறங்குகிறதா என்று நானும் கொஞ்ச நாள் பார்ப்பேன். உங்கள் பையனுடையது 8 மி.மீ.; மேலே சிறுநீரகமும் வீங்கிவிட்டது. இனி காத்திருக்க வேண்டாம். நடுவில் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால், ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். குழந்தைகளுக்கான இந்தக் கருவியின் நுனி ஒன்றரை மி.மீ. அளவுதான் இருக்கும். பால்பாயின்ட் பேனாவின் ரீஃபில் அதைவிடத் தடிமன். பையனுக்கு முழு மயக்கம் கொடுத்த பிறகு, முதலில் ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன் வழித்தடத்திலேயே கருவியைக் கொண்டுபோவோம். எல்லாம் திரையில் தெரியும். கல்லை லேசர் பொடியாக்கும். வயிற்றில் தையல் கிடையாது. சில பிள்ளைகளுக்குக் குழாய் குறுகலாக இருக்கும். அப்போது முரட்டுத்தனமாகத் தள்ளக் கூடாது. சிறுநீர் தடையில்லாமல் இறங்க ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை மட்டும் உள்ளே வைத்துவிட்டு, ஓரிரு வாரத்தில் குழாய் தளர்ந்ததும் மறுபடி போவோம். டாக்டர் அப்படிப் பாதியில் வெளியே வந்தால் தோல்வி என்று நினைக்காதீர்கள். குழாயில் காயம் படுவதும், அந்த இடம் பின்னால் சுருங்குவதும் அரிதாக நடப்பதுண்டு. அதற்குத்தான் இவ்வளவு நிதானம்.

அதிர்வலை வைத்து வெளியிலிருந்து உடைப்பதும் உண்டு. சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல் என்றால் பெரும்பாலும் அதைத்தான் முதலில் யோசிப்பேன். உங்கள் பையனுடையதுபோல் இடுப்பெலும்பு மறைக்கும் இடத்தில் கல் இருந்தால் குறி வைப்பது சிரமம். இந்த வயதில் அதற்கும் மயக்கம் வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது அந்த ஸ்டென்ட்டைப் பற்றித்தான். சிகிச்சைக்குப் பிறகு உள்ளே வைத்து அனுப்பினால், அடிக்கடி போகத் தோன்றும், எரியும், சிறுநீர் கொஞ்சம் சிவப்பாகவும் வரலாம். ரெண்டு மூன்று வாரத்தில் பையன் ஓடியாட ஆரம்பித்ததும் வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். ஒன்றரை வருஷம் கழித்து என்னிடம் ஒரு பிள்ளை வந்தது. ஸ்டென்ட்டின் இரண்டு முனையிலும் கல் பூத்து இறுகியிருந்தது. முதலில் எடுத்த கல்லைவிட அதை எடுக்கத்தான் அந்தக் குழந்தை அதிகம் கஷ்டப்பட்டது. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே "எந்தத் தேதியில் எடுப்பீர்கள்?" என்று கேட்டு வாங்கி, காலண்டரில் வட்டம் போடுங்கள்.

உடைத்த துணுக்குகளைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். இந்த வயதில் கல் வந்தால் உடம்பில் காரணம் இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். சிறுநீரில் கால்சியம் அதிகம் போகலாம், கல் சேராமல் தடுக்கும் சிட்ரேட் குறைவாக இருக்கலாம். கல் என்றதும் பாலை நிறுத்திவிடுகிறார்கள், அது தப்பு. குறைக்க வேண்டியது உப்பு: அப்பளம், ஊறுகாய், பாக்கெட் சிப்ஸ், நூடுல்ஸ்.

அப்புறம் தண்ணீர். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து மாலை வரை ஒரு வாய்கூடக் குடிக்காத பிள்ளைகளை வாராவாரம் பார்க்கிறேன். சாயங்காலம் அவன் பையைத் திறந்து பாருங்கள். பாட்டில் காலையில் நிரப்பியபடியே திரும்பி வந்திருந்தால், மறுநாளே வகுப்பு டீச்சரைப் பார்த்துப் பேசுங்கள்.